மைதானத்திலிருந்து மைக்குக்கு: ஆடி ஓய்ந்தவர்கள் வர்ணனை பழகும் வழி

கிளிநொச்சியில் பின்னேரம் 4 மணிக்கு ஒரு இறுதிப்போட்டி தொடங்கினால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் காலை 6.30, லண்டனில் பகல் 11.30. வேலைக்குப் போகும் பஸ்ஸில் இயர்போன் செருகியிருக்கும் பழைய மாணவர் ஒருவர், போனைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வெங்காயம் வெட்டும் சித்தி ஒருவர், இவர்கள்தான் உங்கள் நேயர்கள். பேஸ்புக் நேரலையில் படமும் போகிறதுதான். ஆனால் எங்கள் பக்கத்து டேற்றா நின்று நின்றுதான் போகும். படம் உறைந்து நிற்கும்போதும் குரல் மட்டும் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். ஆடி ஓய்ந்த ஒருவர் மைக் பிடிக்க வரும்போது முதலில் இதை மண்டையில் ஏற்ற வேண்டும். நீங்கள் கதைப்பது பார்க்காத ஆளுக்கு. கூடவே, ஆடாத ஆளுக்கும்.

நான் கூடைப்பந்து ஆடியவன். அம்மாவின் ஊர் மட்டக்களப்பு. பள்ளிக்கூடமும் பந்தும் அங்கேதான். அந்த ஊரில் கூடைப்பந்துக்கு ஒரு தனி மரியாதை உண்டு. புனித மிக்கேல் கல்லூரியில் பயிற்றுவித்த அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட் அடிகளார் 1990இல் காணாமற்போனவர். இத்தனை வருடம் கழித்தும் மூத்த ஆட்டக்காரர்கள் அவர் பெயரைச் சொல்லாமல் ஒரு கதையும் தொடங்க மாட்டார்கள். பிறகு நான் கொழும்பில் ஒரு நிறுவன அணிக்குப் போனேன். சம்பளப் பட்டியலில் களஞ்சிய எழுதுவினைஞர். உண்மையில் எடுத்தது மூலையில் நின்று மூன்று புள்ளி எறிவதற்கு. முழங்கால் தசைநார் அறுந்ததும் களஞ்சியத்துக்கும் நான் அவ்வளவாகத் தேவைப்படவில்லை. இப்போது கிளிநொச்சிப் பக்கம் வட்டக்கச்சியில் அப்பாவின் காணியில் நெல், சனி ஞாயிறு மைக்.

வன்னியில் கூடைப்பந்துத் திடலைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். என்னைக் கூப்பிடுவது பெரும்பாலும் வலைப்பந்து, கரப்பந்து, உதைபந்தாட்டம் ஆகியவற்றுக்கும், கழகங்களின் ஆண்டு விழாவுக்கும்தான். ஆகவே உதாரணங்கள் கூடைப்பந்தில் இருந்தாலும் உங்கள் ஆட்டத்துக்கு ஏற்றபடி மாற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆடும் காலத்திலேயே தொடங்குங்கள்

அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் ஷக்கீல் ஓ'நீல் 2011இல் ஓய்வு பெற்றார், அதே வருடம் அமெரிக்காவின் டிஎன்டி தொலைக்காட்சியில் வந்து உட்கார்ந்தார். வெளியிலிருந்து பார்த்தால் பெரிய பெயருக்குக் கிடைத்த கதிரை போலத்தான் இருக்கும். ஆனால் அவர் 2009இலேயே, இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோது, சிரக்கியூஸ் பல்கலைக்கழகத்தில் என்பிஏ என்ற தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கின் வீரர்களுக்கென்று நடக்கும் ஒலிபரப்புப் பயிற்சிக்கு மாணவனாகப் போனவர். நான்கு முறை சம்பியன் ஆன ஆள் அங்கே மேசையில் உட்கார்ந்து, மைக்குக்கு முன்னால் எப்படி மூச்சு விடுவது என்று பழகியிருக்கிறார். கேண்டஸ் பார்க்கரும் அப்படித்தான். அமெரிக்கப் பெண்கள் கூடைப்பந்து லீக்கில் மூன்று வெவ்வேறு அணிகளோடு சம்பியன் ஆகி 2024இல் ஓய்வை அறிவித்தார். அதற்குப் பல வருடம் முன்பிருந்தே தொலைக்காட்சியில் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார்.

எங்களுக்குச் சிரக்கியூஸ் இல்லை. ஆனால் எல்லா மைதானத்திலும் புள்ளி மேசை ஒன்று இருக்கிறது. உங்கள் அணிக்கு ஆட்டம் இல்லாத நேரத்தில் அங்கே போய் உட்காருங்கள். புள்ளி எழுதுகிறவருக்கு உதவி எப்போதும் தேவை. யாரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். புள்ளி எழுதும்போது ஒரு பழக்கம் தானாக வரும். யார் எறிந்தது, யார் தவறு (பவுல்) செய்தது, எத்தனையாவது தவறு, எவ்வளவு நேரம் மிச்சம் என்பதையெல்லாம் ஒரே பார்வையில் பிடிப்பீர்கள். ஆட்டக்காரருக்குப் பந்தும் தன் ஆளும் மட்டும் தெரிந்தால் போதும். வர்ணனையாளருக்கு முழுத்திடலும் தெரிய வேண்டும்.

பந்து எங்கே

மார்ட்டி கிளிக்மன் என்று ஒருவர் இருந்தார். 1936 பேர்லின் ஒலிம்பிக்குக்கு அமெரிக்காவின் அஞ்சல் ஓட்ட அணியில் போய், யூதர் என்பதால் கடைசி நேரத்தில் ஓடவிடாமல் நிறுத்தப்பட்டவர். பிறகு நியூயோர்க்கில் வானொலி வர்ணனையாளரானார். படம் இல்லாத வானொலியில் கூடைப்பந்தை எப்படிச் சொல்வது என்று ஒரு முறையை ஏற்படுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். அவர் செய்தது இதுதான்: திடலைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒவ்வொரு துண்டுக்கும் பெயர் வைத்து, பந்து எந்தத் துண்டில் நிற்கிறது என்று விடாமல் சொன்னார்.

இதை நீங்கள் வீட்டிலேயே பழகலாம். கூடைப்பந்துத் திடல் 28 மீற்றர் நீளம், 15 மீற்றர் அகலம். ஒரு கொப்பியில் அதைக் கீறுங்கள். நடுக்கோடு, இடது பக்கக் கோடு, வலது பக்கக் கோடு, நான்கு மூலைகள், தடையற்ற எறிகை (ஃப்ரீ த்ரோ) கோடு, வளையத்துக்கு 6.75 மீற்றர் தள்ளி இருக்கும் மூன்று புள்ளி வளைவு, வளையத்தின் அடி. இவை போதும். வலைப்பந்து இன்னும் சுலபம், ஏனென்றால் திடலே மூன்று பாகமாகக் கோடு போட்டுத்தான் இருக்கிறது. இரு முனையிலும் கோல் வட்டம். கரப்பந்தில் வலைக்கு முன்வரிசை, பின்வரிசை, இடம், வலம், நடு. இந்தப் பெயர்களை முதலில் தீர்மானித்துவிட்டுப் போட்டி முழுக்க மாற்றாமல் சொல்லுங்கள். ஒரு தரம் 'மூலை' என்றும் மறுதரம் 'கோர்னர்' என்றும் சொன்னால் கேட்கிறவர் இரண்டு இடம் என்று நினைப்பார்.

வெறும் வாயால் அல்ல, உண்மையான ஆட்டத்தைப் பார்த்துச் சொல்லிப் பழக வேண்டும். போனில் ஏதாவது போட்டியைப் போட்டுச் சத்தத்தை நிறுத்திவிட்டு இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

'நடுக்கோட்டைத் தாண்டுகிறார் ஏழாம் இலக்கம். இடது பக்கம் கொடுக்கிறார், ஒன்பது. ஒன்பது உள்ளே போகப் பார்க்கிறார், வழியில்லை. திரும்ப ஏழு. வலது மூலை, நான்கு தனியே நிற்கிறார், எறிகிறார்... வளையத்தில் பட்டு வெளியே. பரந்தன் 31, முழங்காவில் 28.'

இதில் ஒரு உவமை கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். 'சிங்கம்', 'புயல்', 'மின்னல்' ஒன்றும் தேவையில்லை. சிறப்பான எறிகை வந்தால் சனம் கத்தும். அந்தச் சத்தம் மைக்கில் போகட்டும், நீங்கள் இரண்டு செக்கன் வாயை மூடுங்கள். புதிதாக வருகிறவர்கள் இதைத்தான் நம்ப மறுக்கிறார்கள். மைக் கையில் இருந்தால் கதைத்தே ஆக வேண்டும் என்று நினைக்கிறார்கள்.

புள்ளியும் நேரமும் தனிக் கதை. ரெட் பார்பர் என்ற பேஸ்போல் வர்ணனையாளர் முட்டை அவிக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை முன்னால் வைத்திருப்பாராம். மண் விழுந்து முடிந்ததும் புள்ளியைச் சொல்லிவிட்டு அதைத் திருப்பி வைப்பார். கூடைப்பந்துக்கு மூன்று நிமிடம் கூடிப்போய்விடும். 10 நிமிடம் கொண்ட ஒரு காற்பகுதியில் அதற்குள் ஆட்டமே மாறிவிடும். ஒவ்வொரு புள்ளிக்கும் பிறகு இரு அணிப் புள்ளியையும் சொல்லுங்கள், பந்து வெளியே போகும்போதெல்லாம் நேரத்தைச் சொல்லுங்கள். திரும்பத் திரும்பச் சொல்கிறோமே என்று கூச்சப்பட வேண்டாம். நேரலையில் ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருப்பார்கள். இப்போதுதான் வந்தவருக்கு முதலில் தேவை புள்ளிதான்.

ஆடியவர் மட்டும் சொல்லக்கூடியது

நல்ல குரல் உள்ள ஆசிரியர் ஒருவரும் பந்து எங்கே என்று சொல்லிவிடுவார். அப்படியென்றால் ஆடியவரை எதற்குக் கூப்பிட வேண்டும்? 'ஏன்' என்று சொல்லத்தான்.

ஒரு காற்பகுதியில் ஒரு அணி நான்கு தவறு செய்துவிட்டது என்று வையுங்கள். ஐந்தாவதிலிருந்து எதிரணிக்கு இரண்டு தடையற்ற எறிகை கிடைக்கும். இதைத் தெரிந்தவர், அந்த அணியின் தடுப்பு ஆட்டக்காரர் கையைப் பின்னால் இழுப்பதை உடனே காண்பார். 'நான்கு தவறு ஆகிவிட்டது, அதனால்தான் கை நீட்டப் பயப்படுகிறார், உள்ளே வழி திறக்கிறது' என்ற ஒரு வசனம் போதும். சித்தி வெங்காயத்தை விட்டுவிட்டுப் போனைப் பார்ப்பார். வலைப்பந்தில் பந்தைப் பிடித்த மூன்று செக்கனுக்குள் விட வேண்டும்; தடுப்பவர் 0.9 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். ஒரு பிள்ளை பந்தைப் பிடித்துத் தடுமாறினால் அந்தப் பிள்ளையில் பிழை இருக்காது, வாங்க வேண்டியவர் ஓடி இடம் எடுக்கவில்லை. அது மைதானத்தில் நின்றவருக்குத்தான் தெரியும். சொல்லுங்கள்.

இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கம் 2019இல் லிவர்பூலில் நடந்த வலைப்பந்து உலகக் கிண்ணத்தில் அதிக கோல் போட்டவர். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. அவரைப் பற்றிக் கதைத்தால் பாதிப்பேர் உயரத்தோடு நிறுத்திவிடுவார்கள். உயரம் எல்லோருக்கும் தெரிகிறது, அதைச் சொல்ல வர்ணனையாளர் தேவையில்லை. பந்து எந்தக் கையை நோக்கி, எவ்வளவு மேலே வந்தது, அவர் தடுப்பவரை முதுகால் எப்படி மறித்து நின்றார் என்று சொல்வதுதான் எங்கள் வேலை.

ஆனால் 'ஏன்' ஒரு வசனத்தைத் தாண்டக்கூடாது. அதற்குள் பந்து மறு முனைக்குப் போய்விடும். நீண்ட விளக்கத்தை இடைவேளைக்கு வையுங்கள். 'எங்கள் காலத்தில்' என்று தொடங்கும் வசனம் வாயில் வந்தால் அப்படியே விழுங்கிவிடுங்கள், அது ஒருவருக்கும் வேண்டாம்.

முடிந்தால் இருவராக உட்காருங்கள். சார்ல்ஸ் பார்க்லி, ஷக்கீல், கென்னி ஸ்மித் மூவரும் என்பிஏ ஆடியவர்கள். ஆனால் அவர்களுடைய நிகழ்ச்சியைப் பிடித்து நடத்துகிறவர் எர்னி ஜோன்சன், என்பிஏயில் ஆடாதவர். எப்போது கேட்பது, எப்போது வெட்டுவது, எப்போது சிரிக்க விடுவது என்பது அவர் கையில். எங்கள் ஊரிலும் கோயில் திருவிழாவில் அறிவித்துப் பழகிய அண்ணைமார் இருக்கிறார்கள். அவர் பந்தைச் சொல்லட்டும், நீங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். மேசைக்குக் கீழே கையால் தட்டினால் 'நான் கதைக்கப் போகிறேன்' என்று ஒரு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் சேர்ந்து கதைத்தால் ஒருவர் குரலும் கேட்காது.

குரல்

'எனக்கு வாய் கொன்னும் அண்ணை, எனக்குச் சரிவராது' என்று ஒரு தம்பி சொன்னான். அவனுக்கு பில் வால்டனைப் பற்றிச் சொன்னேன். 1977இல் போர்ட்லாண்டோடும் 1986இல் பொஸ்டனோடும் என்பிஏ சம்பியன் ஆனவர். 28 வயது வரை கடுமையாகத் திக்குவாய். அவரைப் பழக்கியவர் மேலே சொன்ன அதே கிளிக்மன்தான். எண்ணத்தின் வேகத்தைக் குறை, சத்தமாக வாசி, தாடைத் தசை பலப்படச் சீனி இல்லாத சூயிங்கம் மெல்லு என்று அவர் சொல்லிக்கொடுத்ததாக வால்டன் பல இடங்களில் கதைத்திருக்கிறார். பிறகு பல வருடம் தொலைக்காட்சியில் நிறுத்தாமல் கதைத்தார். 2024இல் இறக்கும்வரை, கூடக் கதைக்கிறார் என்றுதான் அவர்மேல் முறைப்பாடு இருந்தது.

சத்தமாக வாசிப்பதை நான் எல்லோருக்கும் சொல்வேன். காலையில் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கத்தை வீட்டில் எல்லோருக்கும் கேட்க வாசியுங்கள். ழகரம், றகரம், ணகரம் தடுமாறும் இடத்தைப் பென்சிலால் குறியுங்கள். வேகம் பிறகு வரும். இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜாவின் வேகத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் அதைப் பிடிக்கப் பார்க்கிறார்கள். அந்த வேகத்திலும் ஒரு எழுத்துச் சிதறாது என்பதுதான் அவருடைய திறமை. அதே வானொலியின் பி. எச். அப்துல் ஹமீட் அவர்களின் நிதானத்திலிருந்து தொடங்குவது நல்லது. அவரைப் போலக் கதைக்காதீர்கள், உங்கள் வீட்டில் கதைப்பது போலவே கொஞ்சம் திருத்தமாகக் கதையுங்கள். வட்டக்கச்சித் தமிழைக் கேட்கத்தான் ரொறன்ரோக்காரர் காத்திருக்கிறார்.

போட்டிக்கு முன் குளிர்ச்சோடா வேண்டாம். சுடுதண்ணீரைச் சூடு ஆறவிட்டுப் போத்தலில் கொண்டு போங்கள்.

பெயரும், சொல்லக்கூடாததும்

போட்டி தொடங்க முன் இரண்டு அணியிடமும் போய் ஒவ்வொருவராகப் பெயர் கேளுங்கள். அணிப் பட்டியலை நம்ப வேண்டாம். அதில் முதலெழுத்தும் பாதிப் பெயரும்தான் இருக்கும். பிள்ளையின் வாயாலேயே கேட்டு, அவர் சொல்வது போலவே எழுதுங்கள். ஒரே அணியில் இரண்டு தர்சிகா, மூன்று டிலக்சன் இருப்பது சாதாரணம். அப்போது இலக்கத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள். பெயர் எழுதும் அட்டையில் இடப்பக்கம் ஒரு அணி, வலப்பக்கம் மற்றது. இலக்கம் பெரிதாக, பெயர் அதற்குப் பக்கத்தில், ஊர் சிறிதாக. பேனை மட்டும் போதாது, மழைத்தூறலில் கரைந்துவிடும். பென்சிலும் இருக்கட்டும்.

இனி, மற்ற இடத்து வழிகாட்டிகளில் இல்லாத ஒன்று. எங்கள் மைதானத்தில் ஓடும் பிள்ளைகளில் எத்தனையோ பேருடைய வீட்டில் இழப்பு இருக்கிறது. பயிற்றுநரோ கழகத் தலைவரோ இடைவேளையில் வந்து காதுக்குள் சொல்வார்: 'அந்தப் பிள்ளைக்குத் தகப்பன் இல்லை, சொல்லுங்கோ, வெளிநாட்டில இருக்கிற ஆக்கள் உதவி செய்வினம்.' நல்ல மனதோடுதான் சொல்கிறார். சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளை அன்றைக்கு வந்தது மூன்றாம் இலக்க மேற்சட்டையோடு விளையாட. ஒலிபெருக்கியில் தன் வீட்டுத் துக்கத்தைக் கேட்டபடி தடையற்ற எறிகை எறிய யாரால் முடியும்? உதவி தேவை என்றால் வீட்டாரிடம் கேட்டு, வேறு நாளில், வேறு வழியில் செய்யலாம். செயற்கைக் காலோடு ஆடுகிறவர் இருந்தால் அவரிடமே முன்கூட்டிக் கேளுங்கள். சொல்லலாம் என்றால் ஒரு தரம் சொல்லுங்கள். பிறகு அவர் போடும் புள்ளியை மட்டும் சொல்லுங்கள்.

பெண் பிள்ளைகளின் உடம்பு, நிறம், உடுப்பு பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பகிடி என்றாலும் வேண்டாம். ஊருக்கு ஊர் பழைய சண்டை இருக்கும், அதையும் தொடாதீர்கள். நடுவரின் தீர்ப்பு பிழையாகப் பட்டால், 'நடுவர் தவறு என்று கொடுத்திருக்கிறார்' என்று மட்டும் சொல்லி விடுங்கள். நீங்கள் ஒலிபெருக்கியில் 'அது தவறே இல்லை' என்றால் அடுத்த நிமிடம் சனம் திடலுக்குள் நிற்கும்.

காற்று, வயர், பாட்டு

சோளகம் வீசும் மாதங்களில் இரணைமடுப் பக்கத்தில் மைக் பிடித்தால் குரலை விடக் காற்றுத்தான் கேட்கும். மைக்குக்கு ஸ்பொஞ் உறை போடுங்கள். இல்லாவிட்டால் சுத்தமான காலுறை ஒன்றை மாட்டுங்கள், யாரும் சிரித்தால் சிரிக்கட்டும். காற்றுக்கு முதுகைக் காட்டி உட்காருங்கள். மைக்கை வாயிலிருந்து இரண்டு மூன்று விரல் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் பிடித்தால் 'ப' சொல்லும்போது இடிக்காது.

ஒலிபெருக்கி உங்களுக்கு முன்னால், உங்களைப் பார்க்காமல் இருக்க வேண்டும். பின்னால் இருந்தால் 'கீ' என்று கத்தும். பெரிய மைதானத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சத்தம் ஒரு செக்கனுக்கு ஏறக்குறைய 340 மீற்றர்தான் போகும். 100 மீற்றர் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கியில் உங்கள் குரல் கிட்டத்தட்ட ஒரு செக்கனில் மூன்றிலொரு பங்கு பிந்தி வந்து காதில் விழும். அதைக் கேட்டால் நாக்கு குழறும். ஒரு காதில் பஞ்சு வையுங்கள், அல்லது ஹெட்போன் போட்டு மிக்சரில் இருந்து நேராகக் கேளுங்கள்.

நேரலைக்குப் போனின் மைக்கை நம்பாமல், சவுண்ட்காரரிடம் கேட்டு மிக்சரில் இருந்து போனுக்கு வயர் எடுங்கள். அதற்குப் பொருத்தமான இணைப்பி வேண்டும். இல்லாவிட்டால் சத்தம் கூடிப்போய் உடைந்து கேட்கும். போட்டிக்கு ஒரு மணித்தியாலம் முன்பே இதைச் சரிபாருங்கள். அவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: நேரலை போகும்போது சினிமாப் பாட்டுப் போட வேண்டாம். பேஸ்புக் உரிமைப் பிரச்சினை என்று அந்தப் பகுதியின் சத்தத்தையே நிறுத்திவிடும், உங்கள் வர்ணனையும் சேர்ந்து போய்விடும். ஜெனரேற்றரைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பவர் பாங்க் கட்டாயம்.

காசு

முன்கூட்டியே கதைத்துவிடுங்கள். கதைக்காவிட்டால் பரிசளிப்பில் பொன்னாடை போர்த்தி, 'எங்கள் மண்ணின் குரல்' என்று புகழ்ந்து அனுப்பிவிடுவார்கள். என் வீட்டு அலுமாரியில் பொன்னாடை நிறைய இருக்கிறது, வேண்டியவர் வந்து எடுக்கலாம். பள்ளிக்கூடப் போட்டிக்கு நான் காசு வாங்குவதில்லை. அனுசரணையாளரைப் பிடித்து நடக்கும் சுற்றுப்போட்டிக்கு, ஒரு நாள் வயல் கூலிக்குக் குறையாமல் கேட்பேன், மோட்டார் சைக்கிள் பெற்றோல் தனி. ஒரு கழகம் 'அடுத்த வருடம் சேர்த்துத் தருகிறோம் அண்ணை' என்று சொன்னது. அடுத்த வருடம் வேறு அறிவிப்பாளர்.

விளம்பரம் வாசிப்பதும் வேலையில் ஒரு பகுதிதான். ஆனால் பந்து ஆட்டத்தில் இருக்கும்போது வாசிக்க மாட்டேன் என்று முதலே சொல்லுங்கள். ஓய்வு நேரம், இடைவேளை, பந்து வெளியே போன நேரம் போதும். 'அந்தக் கடைக்காரர் வந்திருக்கிறார், இப்பவே சொல்லுங்கோ' என்று துண்டு நீட்டுவார்கள். வாங்கி மேசையில் வையுங்கள்.

போட்டி முடிந்த இரவே பதிவைக் கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு. பந்து எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியாத இடங்களைக் குறித்து வையுங்கள். முதல் சில தரம் பக்கம் நிறையும்.

அப்புறம், பரிசளிப்பு முடிந்ததும் மைக்கின் ஆளியைத் தட்டி, ஒலிபெருக்கியில் சத்தம் வரவில்லை என்று பார்த்து, போனில் நேரலையும் நின்றுவிட்டதா என்று பார்த்த பிறகே நடுவரைப் பற்றி உங்கள் மனதில் இருப்பதைப் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லுங்கள்.